கண்ணில் பிறந்து நுரையீரலில் அழியும் புரோஸ்டாகிளாண்டின்கள்

கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்துகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தாயாருக்குக் கண் அழுத்த நோய்க்காக இரவில் ஒரு சொட்டு லேட்டனோபுரோஸ்ட் இடுகிறோம். அது புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து என்றார் மருத்துவர். தந்தையாருக்கு அண்மையில் கண்புரை அறுவை நடந்தது. அவருக்குத் தந்திருக்கும் சொட்டு மருந்தோ புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பதாம். ஒரே வீட்டில் ஒருவருக்கு அதைக் கொடுக்கிறோம், மற்றவருக்கு அதையே தடுக்கிறோம். இது எப்படிப் பொருந்தும்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே சரியான சிகிச்சைதான். புரோஸ்டாகிளாண்டின் என்பது தனியொரு பொருளின் பெயரன்று. ஒரே மூலப்பொருளிலிருந்து பிறக்கும் ஒரு குடும்பத்தின் பெயர். ஈ2, எஃப்2 ஆல்ஃபா, டி2 என்று அதன் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் செல்களின் மேற்பரப்பில் தனித்தனி ஏற்பிகள், அதாவது அதை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள், உள்ளன. உங்கள் தாயாருக்கு இடப்படும் மருந்து எஃப்2 ஆல்ஃபாவின் வடிவத்தைச் சற்றே மாற்றிச் செய்யப்பட்டது. அந்த ஒரு வகை ஏற்பியையே அது முதன்மையாகத் தூண்டுகிறது. ஒரு சொட்டில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோகிராம் மட்டுமே. உங்கள் தந்தையாரின் கண்ணில் நிகழ்ந்தது வேறு. அறுவைக் கருவி பட்ட திசுக்கள் பல வகைப் புரோஸ்டாகிளாண்டின்களை ஒரே நேரத்தில், மிகுதியாக, தாமாகவே உண்டாக்கிவிடுகின்றன. முதலாவது அளந்து கொடுத்த மருந்து, இரண்டாவது காயத்தின் எதிர்வினை.

இவற்றோடு சேர்த்து அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. புரோஸ்டாகிளாண்டின்களை விரைந்து உண்டாக்கத் தெரிந்த கண்ணுக்கு அவற்றை அழிக்கத் தெரியாது. அதை விளக்கினால்தான் உங்கள் இரு பெற்றோருக்கும் நடக்கும் சிகிச்சை முழுமையாக விளங்கும் என்பதால், கீழே வரும் பதில்களில் அதற்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

கேள்வி: கண்ணில் எந்தப் பகுதி புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கிறது? அதற்கென்று தனிச் சுரப்பி உண்டா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சுரப்பி இல்லை, சேமிப்பும் இல்லை. இன்சுலின் போன்ற ஹார்மோன்களை உடல் முன்கூட்டியே ஆக்கி, பைகளில் அடைத்து வைத்திருந்து, வேண்டும்போது வெளியிடுகிறது. புரோஸ்டாகிளாண்டின் விஷயத்தில் அப்படி எந்த இருப்பும் கிடையாது. தேவை எழும் அந்தக் கணத்தில், எழுந்த அதே இடத்தில், அது புதிதாக ஆக்கப்படுகிறது.

அதற்கான மூலப்பொருள் மட்டும் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் பொதிந்திருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் என்னும் இந்தக் கொழுப்பு அமிலத்தில் 20 கார்பன் அணுக்களும் நான்கு இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன. சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகளோடு பிணைந்திருக்கும் வரை அதனால் எந்த விளைவும் இல்லை. செல் அடிபட்டாலோ, நரம்பிலிருந்தோ அழற்சிப் பொருள்களிலிருந்தோ ஒரு தூண்டல் வந்தாலோ, செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி சவ்வை நாடிச் சென்று இந்த அமிலத்தை வெட்டி விடுவிக்கிறது. அடுத்து சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ், என்னும் நொதி இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சேர்த்து, நேராக இருந்த சங்கிலியை மடித்து, நடுவில் ஐந்து கார்பன் வளையம் கொண்ட ஒரு பொருளாக்குகிறது. அதே நொதியின் இன்னொரு பகுதி அதைச் சற்றே மாற்றி எச்2 என்னும் இடைநிலைப் பொருளாக முடிக்கிறது. எச்2 நிலையற்றது, சில நிமிடங்களே தாங்கும். அதற்குள் அந்தச் செல்லில் எந்த நொதி இருக்கிறதோ அதற்கேற்ப அது ஈ2 ஆகவோ, எஃப்2 ஆல்ஃபாவாகவோ, டி2 ஆகவோ, புரோஸ்டாசைக்ளினாகவோ மாறிவிடுகிறது. ஒரு திசு எந்தப் புரோஸ்டாகிளாண்டினைத் தரும் என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசிப் படிதான்.

கண்ணில் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் இவற்றை ஆக்கவல்லவை என்றாலும், ஆற்றல் ஒரே அளவில் இல்லை. வெண்விழியைப் போர்த்தியிருக்கும் கஞ்சங்டைவா, கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ், அதன் பின்னால் வளையமாக அமைந்த சிலியரி பகுதி ஆகியவை இதில் முன்னிற்பவை. கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவிலும் விழித்திரையிலும் உற்பத்தி உண்டு, ஆனால் குறைவு. சிலியரி பகுதிதான் கண்ணின் முன்னறையை நிரப்பும் திரவத்தைச் சுரப்பது. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் என்ற அளவில் அது ஊறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஐரிஸிலும் சிலியரி பகுதியிலும் உண்டாகும் எதுவும் உடனே அந்தத் திரவத்தில் கலந்து முன்னறை முழுவதும் பரவிவிடும்.

காக்ஸ் நொதியில் இரு வகை உண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. காக்ஸ்-1 பெரும்பாலான திசுக்களில் எப்போதும் இருப்பது. காக்ஸ்-2 அழற்சி வரும்போது பெருகுவது. இந்தப் பிரிவினை பாடநூலுக்கு வசதியானது. கண் அதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. சிலியரி பகுதியின் சுரக்கும் செல்களில் நோய் எதுவும் இல்லாதபோதே காக்ஸ்-2 காணப்படுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: அவ்வாறு உண்டானவை எங்கே, எப்படிச் சிதைகின்றன?
— வேதியியல் ஆசிரியர், ஈரோடு

பதில்: இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். உடலின் பெரும்பாலான இடங்களில் இதற்கு விடை எளிது. 15-ஹைட்ராக்சி புரோஸ்டாகிளாண்டின் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி, புரோஸ்டாகிளாண்டினின் 15ஆவது கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியைக் கீட்டோனாக மாற்றுகிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே அதன் வீரியம் பெரிதும் போய்விடும். பிறகு 13ஆம் 14ஆம் கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பை வேறொரு நொதி நிறைவு செய்கிறது. இறுதியில் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாகக் கழிக்கப்பட்டு, எஞ்சியது சிறுநீரில் வெளியேறுகிறது. இந்தப் பணியில் நுரையீரலுக்கு நிகர் இல்லை. ஈ வகையும் எஃப் வகையும் இரத்தத்தோடு ஒரே ஒரு முறை நுரையீரலைக் கடந்து வந்தாலே 90 விழுக்காட்டுக்கும் மேல் அகற்றப்பட்டுவிடுகின்றன என்பதை ஃபெரேராவும் ஜான் வேனும் 1967இல் காட்டினார்கள். ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971இல் கண்டறிந்து, 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அதே வேன்தான்.

கண்ணிலும் இதே நொதி இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 1970களில் முயல் கண்ணின் திசுக்களை அரைத்து, புரோஸ்டாகிளாண்டினோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது, சேர்த்தது ஏறக்குறைய அப்படியே மிஞ்சியது. சிதைக்கும் நொதியின் செயல் அங்கே மிகமிகக் குறைவு. அப்படியானால் கண்ணில் உண்டாவது கண்ணிலேயே தேங்க வேண்டும். தேங்கினால் அழற்சி ஓயவே கூடாது. நலமான கண்ணில் அவ்வாறு நடப்பதில்லையே!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த லாஸ்லோ பிட்டோ. புடாபெஸ்டில் பிறந்து, 1956ஆம் ஆண்டு ஹங்கேரிய எழுச்சிக்குப் பின் அமெரிக்கா சென்று சேர்ந்தவர். பிற்காலத்தில் தாய்மொழியில் நாவல்களும் எழுதினார். புரோஸ்டாகிளாண்டின்கள் கொழுப்பிலிருந்து பிறந்தவை என்பதால் எந்தச் சவ்வையும் எளிதாக ஊடுருவிச் செல்லும் என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தார்கள். பிட்டோ தனியே பிரித்தெடுத்த முயல் திசுக்களைக் கதிரியக்கக் குறியிட்ட புரோஸ்டாகிளாண்டின் கரைசலில் இட்டு அளந்தார். சிலியரி பகுதி அடங்கிய திசு, சுற்றியுள்ள கரைசலில் இருந்ததைவிட அதிகச் செறிவில் அதைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டது. செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஒரு பொருள் தானாகப் போகாது. ஆற்றலைச் செலவிட்டு அதை எடுத்துச் செல்லும் ஓர் ஏற்பாடு அங்கே இருந்தாக வேண்டும். 1972இல் வெளிவந்த இந்த முடிவின் பொருள் இதுதான்: கண் தன் புரோஸ்டாகிளாண்டினை அழிப்பதில்லை, சிலியரி பகுதியின் செல்கள் அதை உட்கண் திரவத்திலிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. இரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. அழிவு அங்கேதான். சிறுநீரகக் குழல்களில் கரிம அமிலங்கள் கடத்தப்படுவதைத் தடுக்கும் புரோபெனெசிட் என்னும் மருந்து இந்தக் கடத்தலையும் தடுத்தது. இரண்டும் ஒத்த வகை ஏற்பாடு என்பதற்கு அது நல்ல சான்று. புரோஸ்டாகிளாண்டினைக் கடத்தும் புரதம் ஒன்று 1995இல் அடையாளம் காணப்பட்டது. பின்னர் கண் திசுக்களிலும் அது இருப்பது தெரிய வந்தது.

மருத்துவருக்குக் கவலை தரும் பகுதி இனிமேல்தான். கண்ணுக்குள் கடும் அழற்சி நேர்ந்த முயல்களின் சிலியரி திசுவைச் சோதித்தபோது, இந்தக் கடத்தும் திறன் குன்றியிருந்தது. அதாவது, புரோஸ்டாகிளாண்டின் மிகுதியாக உண்டாகும் அதே நேரத்தில் அதை வெளியேற்றும் வழி தளர்ந்துவிடுகிறது. யுவியைடிஸ் போன்ற உட்கண் அழற்சி ஏன் சிறிதாகத் தொடங்கி நீண்டு நிற்கிறது என்பதற்கு இதை முழு விளக்கமாகச் சொல்ல முடியாது என்றாலும், விளக்கத்தின் முக்கியமான பகுதியாக நான் இதைக் கருதுகிறேன்.

கேள்வி: கண்ணில் புரோஸ்டாகிளாண்டின் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெயர் தெரியாமலே கண்டுபிடித்தவர் அம்பாச்சே. முயலின் ஐரிஸிலிருந்து எடுத்த சாறு மென்தசைகளைச் சுருங்கச் செய்வதை 1950களின் நடுவில் பார்த்து, அந்தப் பொருளுக்கு அவர் ஐரின் என்று பெயரிட்டார். முயலின் ஐரிஸை லேசாகத் தொட்டு உறுத்தினாலும் கண் பாவை சுருங்கி, முன்னறைத் திரவத்தில் புரதம் பெருகிவிடுவது முன்பே தெரிந்திருந்தது. அதற்குக் காரணமான பொருளைத்தான் அவர் தேடினார். ஐரின் என்பது பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின்களே என்பது 1960களில் தெளிவாயிற்று.

நலமான கண்ணின் முன்னறைத் திரவத்தில் புரதம் மிகக் குறைவு. கண் மருத்துவரின் சோதனைக் கருவியான ஸ்லிட் விளக்கின் மெல்லிய ஒளிக்கற்றை அதன் வழியே போகும்போது கண்ணுக்குத் தென்படாது. ஐரிஸின் இரத்தக் குழாய்கள் கசிந்து புரதம் கலந்துவிட்டாலோ, ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் விழும் வெயிலில் தூசி தெரிவதைப் போல அந்தக் கற்றையின் பாதை பளிச்சென்று தெரியும். கண் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, கருவியை நெருக்கி, நெடுநேரம் உற்றுப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அழற்சியை உண்டாக்கும் பொருள் எப்படிக் கண் அழுத்தத்துக்கு மருந்தாயிற்று? அழுத்தத்தைக் கூட்ட அல்லவா வேண்டும்?
— வாசகர், மதுரை

பதில்: கூட்டும் என்றுதான் 1960களின் ஆய்வுகளும் சொல்லின. முயல் கண்ணுக்குள்ளேயே ஊசிமூலம் செலுத்தியபோது அழுத்தம் உயர்ந்தது. ஆனால் காம்ராஸ், பிட்டோ, ஈக்கின்ஸ் ஆகிய மூவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், மயக்க மருந்து தராத முயல்களின் கண்ணில் எஃப்2 ஆல்ஃபாவைச் சொட்டாக இட்டபோது அழுத்தம் பல மணி நேரம் இறங்கியிருந்தது. அளவும் செலுத்தும் வழியும் மாறியதால் விளைவும் தலைகீழாயிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. எரிச்சலும் சிவப்பும் குறைவாக இருக்கும்படி மூலக்கூறைத் திருத்தி, ஸ்வீடனின் உப்சாலா நகரிலிருந்த பார்மேசியா நிறுவனத்தில் உருவாக்கிய லேட்டனோபுரோஸ்ட் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இது கண் திரவம் சுரப்பதைக் குறைப்பதில்லை. சிலியரி தசை நார்களுக்கு இடையே நிறைந்திருக்கும் கொலாஜன் போன்ற பொருள்களைக் கரைக்கும் நொதிகள் இம்மருந்தால் பெருகுகின்றன. இடைவெளி தளர்ந்து, திரவம் அந்த வழியே கூடுதலாக வடிகிறது. அழுத்தம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவது வழக்கம்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஒரு சொட்டு போதும் என்கிறார்கள். அழுத்தம் சரியாக இறங்காவிட்டால் காலையிலும் ஒன்று விடலாமா? அந்த மருந்து கண்ணிலேயே தங்கிவிடாதா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விடக் கூடாது. கூடுதலாக இட்டால் பலன் கூடுவதற்குப் பதிலாகக் குறையலாம் என்று மருந்தோடு வரும் குறிப்பேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

லேட்டனோபுரோஸ்ட் கண்ணில் விழும்போது செயலற்ற ஓர் எஸ்டராக இருக்கிறது. அந்த வடிவத்தில்தான் கார்னியாவை எளிதாகக் கடக்க முடியும். கடக்கும்போதே கார்னியாவிலுள்ள எஸ்டரேஸ் நொதிகள் அதைப் பிளந்து செயலுள்ள அமிலமாக்குகின்றன. முன்னறைத் திரவத்தில் அதன் செறிவு சுமார் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். அழுத்தம் மூன்று, நான்கு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கி, 8 முதல் 12 மணி நேரத்தில் மிகக் கீழே வரும். அதற்குள் மருந்தின் பெரும்பகுதி கண்ணை விட்டுப் போயிருக்கும். தசை நார்களுக்கிடையே அது செய்துவைத்த மாற்றம்தான் பலனை நீட்டிக்கிறது. செயலுள்ள அந்த அமிலம் கண்ணுக்குள் ஏறக்குறைய சிதைவதே இல்லை. அது வெளியேறி இரத்தத்தில் கலந்த பிறகு கல்லீரல் அதன் சங்கிலியைக் கழிக்கிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 17 நிமிடங்களே. கண் தான் உண்டாக்கியதை அழிக்காதது போலவே, நாம் கொடுத்ததையும் அழிப்பதில்லை. ஆகவே தங்கிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

அழுத்தம் போதிய அளவு இறங்கவில்லையென்றால், வேறு வகை மருந்தைச் சேர்ப்பதா, லேசர் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: இம்மருந்தைப் போடத் தொடங்கியதிலிருந்து என் இமை மயிர் நீண்டு அடர்ந்திருக்கிறது. கண்ணின் நிறமும் மாறிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
— வாசகி, சேலம்

பதில்: இமை மயிர் வளர்வது அறிந்த விளைவே, மருந்தை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஐரிஸில் மெலனின் நிறமி கூடுவதால் நிறம் கருமையாவது உண்மை, அது நிலையானது. ஆனால் பச்சையும் பழுப்பும் கலந்த கண்களில்தான் அது எடுப்பாகத் தெரியும். நம்மவரில் மிகப் பலருக்கு இருப்பதுபோல் முழுவதும் அடர் பழுப்பான கண்ணில் பொதுவாகத் தெரிவதில்லை. இமைத் தோல் கறுப்பதும், கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் சற்றுக் குழிந்து தெரிவதும் சிலருக்கு நேர்கின்றன. ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து இடுபவர்கள் இரு கண்களுக்கும் வேறுபாடு வரக்கூடும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. பார்வையைக் காக்கும் மருந்தை இவற்றுக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை.

கேள்வி: கண்புரை அறுவைக்கு முன்பே வலி நிவாரணச் சொட்டு மருந்து இட்டார்கள். வலி இல்லாதபோது அது எதற்கு? பிறகும் சில வாரங்கள் தொடரச் சொன்னார்கள்.
— வாசகர், விழுப்புரம்

பதில்: அறுவை நடக்கும்போது கண் பாவை விரிந்தே இருக்க வேண்டும், புரைவிழுந்த லென்ஸை அதன் வழியாகத்தான் எடுக்கிறார்கள். கருவி ஐரிஸில் பட்டதும் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகி, விரிவடையச் செய்யும் மருந்தையும் மீறிப் பாவை சுருங்கத் தொடங்கும். உண்டான பிறகு அதை அழிக்கக் கண்ணில் வழியில்லை என்பதால், உண்டாவதற்கு முன்பே காக்ஸ் நொதியைத் தடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஃப்ளூர்பிபுரோஃபெனை இதற்காக அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அரை மணிக்கு ஒரு சொட்டாக நான்கு முறை இடுவது பழைய நடைமுறை. நெப்பஃபெனாக் இன்னொரு வகை: சொட்டாக இடும்போது அதற்குச் செயல் குறைவு, கண் திசுக்களுக்குள் போன பிறகு அங்குள்ள நொதிகளால் ஆம்ஃபெனாக்காக மாறிக் காக்ஸைத் தடுக்கிறது.

அறுவைக்குப் பிறகு தொடர்வதற்குக் காரணம் விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா. முன்கண்ணில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின்களும் பிற அழற்சிப் பொருள்களும் பின்னோக்கிப் பரவி, அங்குள்ள நுண்குழாய்களைக் கசியச் செய்து, மாக்குலாவில் நீர் கோக்க வைக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. அறுவை முடிந்து பார்வை தெளிந்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் மங்கினால் இதைச் சந்தேகிக்க வேண்டும்; விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். வலி இல்லை என்பதற்காகச் சொட்டு மருந்தைப் பாதியில் விடுவது இதனால்தான் தவறு.

அதே நேரத்தில், சொன்ன நாளுக்கு மேலும் இவற்றை நீட்டிக்கக் கூடாது. கண் வறட்சி, முடக்குவாதம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நீண்ட நாள் உபயோகத்தில் கார்னியா மெலிந்து கரைந்துபோன நிகழ்வுகள் உண்டு.

கேள்வி: கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறேன், உடனே சரியாகிவிடுகிறது. அதுவும் புரோஸ்டாகிளாண்டினைத்தானே குறைக்கிறது?
— வாசகர், காஞ்சிபுரம்

பதில்: குறைக்கிறது, அதனால்தான் சிவப்பு உடனே மறைகிறது. வலி நிவாரணச் சொட்டுகள் காக்ஸ் என்ற ஒரு படியை மட்டும் தடுக்கின்றன. ஸ்டீராய்டு அதற்கும் மேலே போய், அராக்கிடோனிக் அமிலம் விடுபடுவதையே அடக்குகிறது. காக்ஸ்-2 உண்டாவதையும் குறைக்கிறது. ஆற்றல் மிகுந்த மருந்துதான். ஆனால் சிவப்புக்குக் காரணம் ஹெர்ப்பீஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், சிவப்பு மறைந்த கண்ணில் தொற்று தங்குதடையின்றிப் பெருகும். வாரக்கணக்கில் இட்டால் பலருக்குக் கண் அழுத்தம் உயரும். தொடர்ந்தால் புரையும் வரும். அழுத்தம் உயர்வது வலியில்லாமல் நடப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தயவுசெய்து இன்றே நிறுத்தி, கண் அழுத்தத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், கண்ணுக்கு லேட்டனோபுரோஸ்ட். ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆஸ்பிரின் தடுப்பது காக்ஸ் நொதியை. லேட்டனோபுரோஸ்ட்டோ காக்ஸின் உதவி இல்லாமலே நேராக ஏற்பியைச் சென்றடைகிறது. ஆகவே இதயத்துக்கான சிறிய அளவு ஆஸ்பிரினை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வலி நிவாரணச் சொட்டு மருந்தையும் லேட்டனோபுரோஸ்ட்டையும் ஒரே கண்ணில் சேர்த்து இடும்போது அழுத்தக் குறைப்பு மாறுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. அந்தக் காலத்தில் அழுத்தத்தை ஒருமுறை கூடுதலாக அளந்துகொள்ளலாம். இரு சொட்டு மருந்துகளுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். திறக்காத லேட்டனோபுரோஸ்ட் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். திறந்த புட்டியை அதன் உறையில் குறித்திருக்கும் வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள்.